புது ராக் பாட்டு அமெரிக்க ரேடியோவை விட்டு எப்படிப் போனது?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது: வேலைக்காக அமெரிக்கா வந்து ஓராண்டு ஆகிறது, தினமும் ஒன்றரை மணி நேரம் காரில் ரேடியோ கேட்கிறீர்கள், ராக் ஸ்டேஷன் என்று சொல்லிக்கொண்டு உங்கள் ஊரில் இரண்டு இருக்கின்றன, ஆனால் இரண்டிலும் 1970 முதல் 1995 வரை வந்த பாட்டுகளே திரும்பத் திரும்ப வருகின்றன. புது ராக் ஏன் வருவதில்லை? ராக் இசை தானாகச் செத்துப்போனதா, இல்லை ரேடியோ முதலாளிகள் கொன்றுவிட்டார்களா?

இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ராக் ரேடியோவை விட்டுப் போய்விட்டதா என்றால், இல்லை. கிளாசிக் ராக், அதாவது பழைய ராக் பாட்டுகள், இன்றும் அமெரிக்க வணிக வானொலியில் அதிகம் பேர் கேட்கும் வகைகளில் ஒன்று. போனது புது ராக்தான். ஒரு புதிய குழுவின் பாட்டு ரேடியோ வழியாக லட்சக்கணக்கானவர்கள் காதுக்குப் போய், அவர்கள் அதைப் பழகிக்கொண்டு, பத்து வருடம் கழித்து அதுவே பழைய பாட்டாக மாறும் பாதை இருந்ததே, அது அடைபட்டுவிட்டது. நீங்கள் உண்மையில் கேட்பது அந்தப் பாதையைப் பற்றித்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் அமெரிக்காவில் ஒரு நடுத்தர நகரத்து ராக் ஸ்டேஷனில் 14 வருடம் பாட்டு அடுக்கும் வேலை பார்த்தவன். எந்தப் பாட்டு எந்த மணிக்கு, எதற்குப் பின்னால் எது என்று மறுநாளுக்கான பட்டியலைக் கணினியில் போட்டுத் தருவது என் பொறுப்பு. விளம்பரம் விற்றதில்லை, முதலாளிகளின் கூட்டத்தில் உட்கார்ந்ததில்லை. ஆகவே பணத்தைப் பற்றி நான் சொல்வது எல்லோருக்கும் தெரியவந்த செய்திகளை வைத்து. பட்டியலைப் பற்றிச் சொல்வது கையால் செய்து பார்த்தது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராக் ரேடியோவுக்குள் வந்தது, அங்கே இடம் சும்மா கிடந்ததால். புது ராக் வெளியே போனது, அந்த இடத்துக்கு விலை ஏறியதால். ரசனை மாறியதும் உண்மைதான், அதற்கும் வருகிறேன். ஆனால் விலையை விட்டுவிட்டு ரசனையை மட்டும் பேசினால் கதை பாதிதான்.

1960-களின் நடுவில் எஃப்.எம். அலைவரிசையை அமெரிக்காவில் சீந்துவார் இல்லை. காசு புரண்டது ஏ.எம்.மில். இரண்டும் வைத்திருந்த முதலாளிகள் பலர் ஏ.எம். நிகழ்ச்சியையே எஃப்.எம்.மிலும் ஓடவிட்டார்கள். எஃப்.சி.சி. எனப்படும் அரசின் தகவல்தொடர்பு ஆணையம் 1964-ல் ஒரு விதி போட்டது: ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களில், ஒரே முதலாளியின் எஃப்.எம். பாதி நேரமாவது ஏ.எம்.மிலிருந்து வேறான நிகழ்ச்சியைத் தர வேண்டும். முதலாளிகள் முரண்டு பிடித்தார்கள். விதி முழுமையாக நடைமுறைக்கு வர 1967 ஆகிவிட்டது. அப்புறம் என்ன, நிரப்ப வேண்டிய மணிநேரம் ஏராளம், செலவழிக்க மட்டும் மனமில்லை. கை நிறைய இசைத்தட்டு வைத்திருந்த, குறைந்த சம்பளத்துக்கு வரத் தயாராக இருந்த இளைஞர்கள் அந்த வெற்றிடத்தில் நுழைந்தார்கள்.

அதே 1967 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் டாம் டொனாஹூ என்கிற டி.ஜே., கே.எம்.பி.எக்ஸ். என்ற ஸ்டேஷனுக்குள் போனார். அது தன் நேரத்தை வேற்றுமொழி நிகழ்ச்சிக்காரர்களுக்கு விற்று வயிறு கழுவிக்கொண்டிருந்த ஸ்டேஷன். டொனாஹூ ஏ.எம்.மில் மூன்று நிமிடப் பாட்டுகளைச் சுற்றிச் சுற்றிப் போட்டு அலுத்தவர். இங்கே ஆல்பத்திலிருந்து ஏழு நிமிடப் பாட்டு, பத்து நிமிடப் பாட்டு என்று போட்டார், அவசரமில்லாத குரலில் பேசினார். அதே ஆண்டு நியூயார்க்கில் டபிள்யூ.என்.இ.டபிள்யூ. எஃப்.எம்., 1968-ல் பாஸ்டனில் டபிள்யூ.பி.சி.என். என்று இந்த முறை பரவியது. இவர்கள் துணிச்சல்காரர்கள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தத் துணிச்சலுக்கு இடம் கொடுத்தது, தோற்றாலும் யாருக்கும் பெரிதாக நட்டமில்லை என்கிற நிலைமை. இதை அழுத்திச் சொல்லக் காரணம், பின்னால் நடந்ததெல்லாம் இதன் மறுபக்கம் என்பதுதான்.

1970-களில் எஃப்.எம். காசு பார்க்கத் தொடங்கியது. பார்த்ததும் ஒழுங்குபடுத்த ஆள் வந்தார்கள். லீ ஆப்ரம்ஸ் என்கிற ஆலோசகரும் அவர் பங்காளி கென்ட் பர்க்கார்ட்டும், ரசிகர்களிடம் கேட்டறிந்து, நாடு முழுக்கப் பல ஸ்டேஷன்களுக்கு ஒரே மாதிரிப் பட்டியல் முறையை உருவாக்கித் தந்தார்கள். ஏ.ஓ.ஆர். என்று பெயர் வந்தது. ஆல்பம் சார்ந்த ராக் என்று பொருள். டி.ஜே. தன் இஷ்டத்துக்குத் தட்டை எடுக்கும் காலம் இதோடு முடிந்தது. ஆனாலும் புதுப் பாட்டு நிறையவே வந்தது, அதை மறுக்கக் கூடாது. எனக்கு இந்தக் காலத்தின் மேல் இருக்கும் குறை வேறு. ஏ.ஓ.ஆர். ஸ்டேஷன்கள் கறுப்பினக் கலைஞர்களை ஏறக்குறைய முழுவதுமாக ஒதுக்கின. கிடார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸை விட்டால் விரல் விட்டு எண்ணலாம். 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் காமிஸ்கி பார்க் மைதானத்தில், கறுப்பினக் கலைஞர்கள் பலர் பாடிய டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்தார்களே, அதை நடத்தியது ஒரு ராக் ஸ்டேஷனின் டி.ஜே. கறுப்பின மக்களின் இசையிலிருந்து பிறந்த ராக், அவர்களுக்கே கதவைச் சாத்தியது. அறம் ஒரு பக்கம் இருக்கட்டும், ராக் ஸ்டேஷன் தன் நேயர் வட்டத்தைத் தானே வெட்டிக்கொண்ட முதல் தடவை அது.

இரண்டாவது வெட்டு வயதின்படி. 1980-களின் நடுவில் ஃபிரெட் ஜேக்கப்ஸ் போன்ற ஆலோசகர்கள் கிளாசிக் ராக் என்ற வகையை முன்வைத்தார்கள்: புதுப் பாட்டே வேண்டாம், 20 வயதில் கேட்டதை 35 வயதுக்காரருக்குத் திரும்பக் கொடு. வியாபாரமாகப் பார்த்தால் அருமையான யோசனை. மறுபக்கம், புதுமை தேடிய இளைஞர்களுக்கு ஆல்டர்நேட்டிவ் என்று தனி ஸ்டேஷன்கள் வந்தன. பில்போர்டு இசை இதழ் 1988 செப்டம்பரில் அதற்கென்று தனி வரிசைப் பட்டியலே தொடங்கியது. கனமான ஓசை விரும்புகிறவர்களுக்கு ஆக்டிவ் ராக் வந்தது. ஒரே ஸ்டேஷனை அண்ணனும் தம்பியும் கேட்ட வீட்டில், இப்போது அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. 15 வயதுப் பையனுக்குப் புதுப் பாட்டோடு பழைய பாட்டும் பழக்கமாகும், 40 வயதுக்காரருக்குப் பழைய பாட்டுக்கு நடுவே ஒரு புதுப் பாட்டு காதில் விழும் என்கிற வாய்ப்பு போய்விட்டது. என்னைக் கேட்டால் மொத்தக் கதையிலும் பெரிய சேதம் இதுதான்.

இந்தப் பிரிவினைக்குக் கருவியாக இருந்தது பாட்டுத் தேர்வுக் கூட்டம். அதில் நான் பல முறை உட்கார்ந்திருக்கிறேன். ஒரு ஹோட்டல் ஹாலில் சுமார் 90 பேர், கலந்துகொள்வதற்குச் சன்மானம் உண்டு. பாட்டின் அடையாளமான ஏழு விநாடித் துண்டு, நாங்கள் ஹூக் என்போம், ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். ஒரு மாலையில் 600 துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் பிடிக்கும், பிடிக்காது, அலுத்துவிட்டது, தெரியாது என்று குறிக்க வேண்டும். ஒரு தடவை இடைவேளையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் என்னிடம் வந்து, சற்றுமுன் வந்த ஒரு துண்டின் வரியை முணுமுணுத்துக் காட்டி, அது யார் பாட்டு, எங்கே முழுதாகக் கேட்கலாம் என்று கேட்டார். குழுவின் பெயரை எழுதிக் கொடுத்தேன். கூட்டம் முடிந்து அவர் தாளை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பாட்டுக்கு நேராக 'தெரியாது' என்று குறித்திருந்தார். அவர் செய்தது சரிதான், அவருக்குத் தெரியாதுதான். ஆனால் அறிக்கையில் அவருடைய ஆசை எங்கேயும் பதிவாகவில்லை; 'அறிமுகம் இல்லாத பாட்டு' என்ற கணக்கில் ஒரு எண் கூடியது, அவ்வளவுதான். ஏற்கெனவே தெரிந்ததை எவ்வளவு பிடிக்கும் என்று இந்தத் தேர்வு துல்லியமாகச் சொல்லும். இனிமேல் எது பிடிக்கக்கூடும் என்று அதனால் சொல்ல முடியாது. ஹாலில் இருந்த எங்கள் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தும் அந்த அறிக்கையை வைத்தே பட்டியல் போட்டோம், ஏனென்றால் கையில் எண்ணாக இருந்தது அது ஒன்றுதான்.

சரி, விலைக்கு வருவோம். 1996 பிப்ரவரியில் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட தொலைத்தொடர்புச் சட்டம் ரேடியோ உரிமைக்கு இருந்த தேசிய உச்சவரம்பை எடுத்துவிட்டது. அதுவரை ஒரு நிறுவனம் நாடு முழுக்க 40 ஸ்டேஷன்தான் வைத்திருக்க முடியும். அதன்பின் எத்தனை வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். மிகப் பெரிய நகரங்களில் ஒரே ஊரில் 8 வரை. கிளியர் சேனல் நிறுவனம் சில ஆண்டுகளில் 40 சொச்சத்திலிருந்து 1,200-க்கும் மேல் வளர்ந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் வாங்கக் கிளம்பியதால் ஸ்டேஷன்களின் விலை தாறுமாறாக ஏறியது. வாங்கியது பெரும்பாலும் கடனில். கிளியர் சேனல் 2008-ல் முதலீட்டு நிறுவனங்களின் கைக்குப் போனது, பிறகு ஐஹார்ட் மீடியா ஆயிற்று. 2018 மார்ச்சில் சுமார் 2,000 கோடி டாலர் கடனோடு திவால் பாதுகாப்பு கேட்டது. இன்னொரு பெரிய நிறுவனமான க்யூமுலஸ் அதற்கு நான்கு மாதம் முன்பே, 2017 நவம்பரில், அதே படியை ஏறியிருந்தது.

கடனுக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேட்கும். ஒரு புதுப் பாட்டு நேயர்களுக்குப் பழகவே மூன்று மாதம் ஆகும். ராக் பாட்டுகள் மெதுவாக ஏறுகிறவை. பில்போர்டு ஆல்டர்நேட்டிவ் பட்டியலில் 2017-ல் 'போர்ச்சுகல். தி மேன்' குழுவின் ஒரே பாட்டு 20 வாரம் முதலிடத்தில் இருந்தது. அப்படி ஏறும்வரை காத்திருக்க, நட்டத்தைத் தாங்கும் முதலாளி வேண்டும். ஒரே ஊரில் நாலைந்து எஃப்.எம். வைத்திருப்பவருக்கு இன்னொரு கணக்கும் உண்டு: தன் ஸ்டேஷனோடு தன் ஸ்டேஷனே மோதக் கூடாது. ஒன்று இளம்பெண்களுக்கு, ஒன்று நடுத்தர வயதுப் பெண்களுக்கு, ஒன்று 25 முதல் 54 வயது ஆண்களுக்கு என்று பாத்தி கட்டுவார்கள். ராக் ஸ்டேஷனுக்கு விழுந்தது ஆண்கள் பாத்தி.

அந்தப் பாத்தி என்ன செய்தது என்பதற்கு ஒரு விவரம் போதும். 1996-ல் டிரேசி பானம் ஆல்டர்நேட்டிவ் பட்டியலில் முதலிடம் பிடித்தார். அடுத்து ஒரு தனிப் பெண் பாடகி அந்த இடத்துக்கு வந்தது 2013-ல், நியூசிலாந்தின் லார்ட். இடையில் 17 ஆண்டுகள். 1990-களின் நடுவில் பெண் குரல்கள் நிறைந்திருந்த ஸ்டேஷன்கள், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கோபக்கார ஆண் குழுக்களை மட்டுமே நம்பத் தொடங்கின. பெண் நேயர்கள் விலகினார்கள். பெரும்பாலான விளம்பரதாரர்கள் தேடுவது வீட்டுச் செலவைத் தீர்மானிக்கும் பெண்களைத்தான். இதில் எனக்கும் பங்கு உண்டு. இரண்டு பெண் குரல்களை அடுத்தடுத்துப் போடாதே என்ற விதி எங்கள் கணினியிலேயே பதிந்திருந்தது. நான் அதை ஒருநாளும் கேள்வி கேட்கவில்லை.

அடுத்தது மீட்டர். நேரடியாக என் மேசைக்கு வந்து சேர்ந்த மாற்றம் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பல பத்தாண்டுகளாக நேயர் கணக்கை ஆர்பிட்ரான் நிறுவனம் காகித டயரி வைத்து எடுத்தது. தேர்ந்தெடுத்த வீடுகளுக்கு டயரி அனுப்புவார்கள். ஒரு வாரம் எந்த ஸ்டேஷனை எப்போது கேட்டீர்கள் என்று எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். மனிதர்கள் நினைவிலிருந்துதானே எழுதுவார்கள். ராக் ரசிகருக்குத் தன் ஸ்டேஷன் ஓர் அடையாளம். காரின் பின்னால் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார், சட்டையில் பெயர் போட்டிருப்பார். அவர் டயரியில் 'காலை 6 முதல் 10 வரை' என்று ஒரே கோடாக இழுத்துவிடுவார். நடுவில் விளம்பரத்துக்கு ஸ்டேஷனை மாற்றியது, போன் பேச அணைத்தது எதுவும் அதில் இருக்காது. விசுவாசத்துக்கு மதிப்பெண் போட்ட முறை அது, ராக் ஸ்டேஷன்கள் அதில் வாழ்ந்தன. 2007-ல் ஹூஸ்டன், பிலடெல்பியா, பிறகு நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், சிகாகோ என்று பெரிய நகரங்களில் பேஜர் அளவிலான ஒரு மீட்டர் டயரியின் இடத்துக்கு வந்தது. ஒலிபரப்புக்குள் காதுக்குப் புலப்படாத ஒரு குறியீடு இருக்கும். மீட்டர் பக்கத்தில் எந்த ஸ்டேஷன் ஒலித்தாலும் பிடித்துக்கொள்ளும், பல் மருத்துவர் வரவேற்பறையில் மெல்ல ஓடுகிற ஸ்டேஷன் உட்பட. யாருக்கும் குறையாகப் படாத மென்மையான ஸ்டேஷன்களுக்கு எண் கூடியது. உயிரைக் கொடுத்து நேசிக்கப்பட்ட ஸ்டேஷன்கள் பலவற்றுக்கு இறங்கியது.

அதோடு போகவில்லை. கால் மணி நேரத்துக்குள் 5 நிமிடம் கேட்டால்தான் அந்தக் கால் மணி நேரம் ஸ்டேஷனின் கணக்கில் சேரும். (2025 தொடக்கத்தில் இதை 3 நிமிடமாகக் குறைத்தார்கள்.) ஆகவே ஒரு மணி நேரத்தை அந்தக் கோடுகளைப் பார்த்தே வடிவமைத்தோம்: கால் மணிக் கோட்டின் இருபுறமும் படுகிற மாதிரி விளம்பரம், அதற்கு முன்னும் பின்னும் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. தெரியாத பாட்டு வைக்க இடமே இல்லாத கடிகாரம் அது. மீட்டர் வைத்திருந்தவர்கள் எந்த நிமிடத்தில் எங்கள் ஸ்டேஷனை விட்டுப் போனார்கள் என்றும் எங்களால் பார்க்க முடிந்தது. ஒரு புதன்கிழமை மாலை 5:20-க்கு, நான் மிகவும் நம்பிய ஒரு புதுக் குழுவின் பாட்டைப் போட்டிருந்தேன். அடுத்த வாரம் வரைபடத்தில் சரியாக அந்தப் பாட்டின் நடுவில் கோடு இறங்கியிருந்தது. விசாரித்தால், போனவர்கள் இரண்டே பேர். அந்த இருவரும் வீடு வந்து சேர்ந்து காரை அணைத்திருக்கலாம். ஆனால் கோடு இறங்கியது இறங்கியதுதான். பாட்டு இரவு 7 மணிக்குப் பின்னால் தள்ளப்பட்டது, பிறகு நள்ளிரவுக்கு, மூன்றாவது வாரம் பட்டியலிலேயே இல்லை.

ஆண்கள் பாத்தியிலும் ராக்கால் நிலைக்க முடியவில்லை. அதை வெளியே தள்ளியது ஹிப்-ஹாப் என்று பலர் நினைக்கிறார்கள். அலைவரிசைகளைப் பார்த்தால் பல ஊர்களில் இடத்தைப் பிடித்தது விளையாட்டுப் பேச்சு. அதே வயது ஆண்கள், உள்ளூர் அணியைப் பற்றி நாள் முழுக்க விவாதம், விளம்பரதாரருக்கு இன்னும் உவப்பானது. 2009 ஆகஸ்டில் பாஸ்டனின் டபிள்யூ.பி.சி.என். மூடப்பட்டது ஒரு விளையாட்டு எஃப்.எம்.முக்கு இடம்விட, 41 ஆண்டு ராக் ஸ்டேஷன் அது. 2011 செப்டம்பரில் பிலடெல்பியாவின் டபிள்யூ.ஒய்.எஸ்.பி. நேராகவே விளையாட்டு ஸ்டேஷன் ஆனது. காலை நேரத்தின் பெரிய இழுவையாக இருந்த தொகுப்பாளர் ஹோவர்ட் ஸ்டெர்ன் 2006 ஜனவரியில் செயற்கைக்கோள் ரேடியோவுக்குப் போனது, அவரை நம்பியிருந்த ராக் ஸ்டேஷன்களுக்கு இன்னோர் அடி. 2005 ஜனவரியில் வாஷிங்டன் வட்டாரத்தின் டபிள்யூ.எச்.எஃப்.எஸ். ஓர் அறிவிப்பும் இல்லாமல் ஸ்பானிய மொழி ஸ்டேஷன் ஆயிற்று. 2018 மார்ச்சில் சிகாகோவின் 'தி லூப்', அதாவது 1979-ல் டிஸ்கோ தட்டுகளை வெடித்த அதே ஸ்டேஷன், கிறிஸ்தவ இசை ஒலிபரப்பும் ஒரு லாப நோக்கற்ற அமைப்புக்கு விற்கப்பட்டது.

இதுவரை சொன்னதில் சட்டம், கடன், மீட்டர், மூடிய ஸ்டேஷன்கள் எல்லாம் உறுதியானவை. இவை இல்லாவிட்டால் புது ராக் ரேடியோவில் பிழைத்திருக்குமா என்பது உறுதியில்லாதது. இதை நேர்மையாகப் பேச வேண்டும். 2017-ன் முதல் பாதிக் கணக்கில், அமெரிக்காவில் அதிகம் கேட்கப்படும் இசை என்ற இடத்தை ராக்கிடமிருந்து ஹிப்-ஹாப்பும் ஆர் அண்ட் பி.யும் சேர்ந்து முதல்முறையாகப் பிடித்ததாகக் கணக்கெடுப்பு நிறுவனமான நீல்சன் சொன்னது. ஒரு தலைமுறை வீட்டு அறையில் கணினி வைத்தே பாட்டு செய்யத் தொடங்கிய பிறகு, நான்கு பேர் கூடி, கிடாரும் டிரம்ஸும் வாங்கி, ஒத்திகைக்கு இடம் தேடுவது எளிதில் நடக்கிற காரியமாக இல்லை. புதுப் பாட்டைத் தேடும் பதின்பருவத்தினர் யூடியூபுக்கும் ஸ்ட்ரீமிங்குக்கும் போய்விட்டார்கள். எந்த ஸ்டேஷனும் அவர்களை முழுதாகத் திருப்பிக் கொண்டுவந்திருக்க முடியாது. இவ்வளவும் முதலாளிகள் இல்லாமலே நடந்திருக்கும்.

என் வாதத்துக்கு எதிராக நிற்கும் வலுவான சான்று கன்ட்ரி இசை. அதே சட்டம், அதே கடன்கார முதலாளிகள், அதே மீட்டர். ஆனாலும் கன்ட்ரி ஸ்டேஷனைத் திருப்பிப் பாருங்கள், போன மாதம் வந்த பாட்டு மணிக்கு மூன்று நான்கு வரும். அப்படியானால் பழி முழுவதையும் சட்டத்தின் மேல் போட முடியாது. இதைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். கன்ட்ரி ஸ்டேஷன்கள் வயதின்படி தங்களைத் துண்டாடிக்கொள்ளவில்லை என்பதுதான் எனக்குத் தெரிந்த வித்தியாசம். காரில் அம்மாவும் மகளும் ஒரே ஸ்டேஷன் கேட்கிறார்கள்; பழைய பாட்டை நம்பி உட்காரும் அம்மாவின் காதில் புதுப் பாட்டும் விழுகிறது. ராக் தன்னை வெட்டிக்கொள்ளத் தொடங்கியது 1980-களில், சட்டம் வருவதற்கு வெகு முன்னால். வெட்டுப்பட்ட துண்டுகள் நல்ல காலத்தில் பிழைத்தன. 1996-க்குப் பிறகு விலை ஏறியபோது, தனித்தனியாக நின்ற எதற்கும் தாங்கும் பலமில்லை. இது என் அனுமானம், நிரூபணம் அல்ல. ஆனால் 14 வருடம் பட்டியல் போட்ட கை இதைத்தான் சொல்கிறது.

புது ராக் ரேடியோவுக்குத் திரும்பி வருமா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. பெரிய வணிக ஸ்டேஷன்களில் பழைய அளவுக்கு வரும் என்று நான் நம்பவில்லை. ஆனால் உங்கள் காரிலேயே ஒன்று செய்து பாருங்கள். எஃப்.எம்.மில் 88 முதல் 92 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதி அமெரிக்காவில் வணிகமல்லாத ஸ்டேஷன்களுக்கென ஒதுக்கப்பட்டது. விளம்பரம் விற்கவும் முடியாது, விலைப் போட்டியும் அவ்வளவாக இல்லை. சியாட்டிலின் கே.இ.எக்ஸ்.பி. 90.3, மினியாபோலிஸ் பக்கம் 2005-ல் தொடங்கிய 'தி கரன்ட்' 89.3, பிலடெல்பியாவின் டபிள்யூ.எக்ஸ்.பி.என். 88.5, நியூயார்க்கின் டபிள்யூ.எஃப்.யூ.வி. 90.7 எல்லாம் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. புது ராக் பாட்டை இன்றும் ஒரு மனிதர் தேர்ந்தெடுத்து, பெயர் சொல்லிப் போடுவதை அங்கே கேட்கலாம். உங்கள் ஊரிலும் ஒரு கல்லூரி ஸ்டேஷன் அங்கே இருக்க வாய்ப்பு அதிகம். நேயர்கள் தரும் நன்கொடையில் ஓடுகிறவை இவை. ஒன்று பிடித்துப்போனால் மாதம் ஐந்து டாலராவது கொடுங்கள்.

வணிக அலைவரிசைகளின் விலையும் இப்போது இறங்கிவிட்டது. சியாட்டிலின் அதே கே.இ.எக்ஸ்.பி. 2023-ல் சான் பிரான்சிஸ்கோவில் 92.7 என்ற அலைவரிசையை 37.5 லட்சம் டாலருக்கு வாங்கியது. 25 ஆண்டுகளுக்கு முன் அந்த ஊரில் இந்த விலையை யாரும் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். பெரிய டவர் இல்லை, மலைக்கு அந்தப் பக்கம் போனால் இரைச்சல்தான் கேட்கும். 2024 மார்ச்சில் ஒலிபரப்பு தொடங்கியது, டொனாஹூ கே.எம்.பி.எக்ஸ்.ஸின் கதவைத் திறந்து உள்ளே போன அதே ஊரில், 57 ஆண்டுகள் கழித்து.